திரைக்கு முன்னால் நிற்பவன்

(செஞ்சி வட்டம் வல்லத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு. பேச்சு நடை அதிகம் மாற்றப்படவில்லை.)



வல்லத்துக்குப் பேசப் போகிறேன் என்று சென்னையில் சொன்னால், "தஞ்சாவூர் பக்கமா?" என்கிறார்கள். அந்த வல்லம் வேறு, இது செஞ்சிக்குப் பக்கத்தில் மல்லாட்டை விளைகிற வல்லம் என்றேன். "மல்லாட்டையா?" என்று அடுத்த கேள்வி வந்தது. மணிலாக்கொட்டைதான் எங்கள் வாயில் மல்லாட்டை ஆகிவிட்டது என்று விளக்கி முடிப்பதற்குள் பேருந்து தாம்பரம் தாண்டிவிட்டது.

நோட்டீசில் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, "இசையில் அரசியல் கலக்கலாமா?" தலைப்பு வைத்த தம்பி இங்கேதான் இருக்கிறார். அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. எனக்கு இடறியது 'கலக்கலாமா' என்கிற சொல். கலப்பது என்றால் நமக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது பாலில் தண்ணீர். காலையில் பால் சொசைட்டியில் கேனை இறக்கி வைத்ததும் லேக்டோமீட்டரை முக்கிப் பார்க்கிறார்களே, அந்த மாதிரி பாட்டையும் முக்கிப் பார்த்து, இதில் இவ்வளவு அரசியல் கலந்திருக்கிறது என்று சொல்லிவிட முடியும் என்று இந்தச் சொல் நம்மை நம்ப வைக்கிறது. முதலில் சுத்தமான பால் ஒன்று இருந்தது, பிறகு யாரோ தண்ணீர் ஊற்றினார்கள் என்றும் நம்ப வைக்கிறது. அந்தச் சுத்தமான பாலை நான் இதுவரை பார்த்ததில்லை. இந்தச் செஞ்சிச் சீமையில் நிச்சயமாகப் பார்த்ததில்லை.

நம் ஊர்ப் பாட்டு எது? வயதானவர்களைக் கேட்டால் தேசிங்குராஜன் கதை என்பார்கள். பெரிய எழுத்துப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் ராகம் போட்டுப் படிக்க, திண்ணை நிறைய ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கதையின் நடுவில் என்ன இருக்கிறது? வரி. ஆற்காட்டு நவாப் வரிப் பாக்கியைக் கேட்கிறார், தேசிங்கு கட்ட மாட்டேன் என்கிறான். குதிரை, கல்யாணம், சிங்கவரத்து ரங்கநாதர் போருக்குப் போகாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது எல்லாம் அதைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது. வரி கட்டுவதா மாட்டேனா என்பதைவிடப் பெரிய அரசியல் கேள்வி ஒரு குடியானவனுக்கு எது?

வரலாறு சொல்வது கொஞ்சம் வேறு. தேசிங்கின் அப்பா சரூப் சிங் புந்தேலா ராஜபுத்திரர். மராட்டியர்களிடமிருந்து மொகலாயர்கள் 1698-இல் செஞ்சியைப் பிடித்த பிறகு, கோட்டைக்குப் பொறுப்பாக வந்தவர். அவர் 1714-இல் இறந்ததும் மகன் தேஜ் சிங், அதாவது நம் தேசிங்கு, வடக்கேயிருந்து வந்து கோட்டை எனக்கே என்றான். நவாப் சாதத்துல்லா கான் ஒப்புக்கொள்ளவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி போரில் தேசிங்கு செத்துப்போனான். ஆண்டது ஒரு வருஷம்கூட இல்லை. இதையெல்லாம் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.எஸ். சீனிவாசாச்சாரி 1943-இல் வந்த தம் செஞ்சி வரலாற்று நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அந்தச் சில மாதங்களில் தேசிங்கு குடியானவனுக்கு என்ன செய்தான் என்று பார்த்தால் கையில் ஒன்றும் சிக்காது. அவனும் வரி வாங்குகிற பக்கத்து ஆள்தான். தமிழ் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம்.

ஆனால் பாட்டுக் கட்டியவனுக்கு அது பொருட்டில்லை. வரி கேட்டு வந்தவனிடம் முடியாது என்று சொன்ன ஒரு முகம் அவனுக்கு வேண்டியிருந்தது. இருபத்திரண்டு வயசுப் பையனின் முகம் கிடைத்தது, எடுத்துக்கொண்டான். இன்னொன்றையும் செய்தான். எதிரி நவாப் முஸ்லிம். கதையில் தேசிங்குக்காக உயிரை விடுகிற நண்பனும் முஸ்லிம். கல்யாணப் பந்தலிலிருந்து மாலையோடு எழுந்து போருக்குப் போகிற அந்த நண்பன் வருகிற இடத்தில்தான் திண்ணையில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். சண்டை மதத்துக்காக இல்லை, வரிக்காக என்று பாட்டு எங்கேயும் பிரசங்கம் செய்யவில்லை. நண்பன் பாத்திரத்தைப் பக்கத்தில் நிறுத்தி வைத்தது, அவ்வளவுதான். 1960-இல் 'ராஜா தேசிங்கு' படம் வந்தபோது தேசிங்காகவும் முஸ்லிம் வீரனாகவும் எம்.ஜி.ஆர். ஒருவரே இரண்டு வேஷம் போட்டார். சினிமாக்காரர்களுக்கும் அந்த இடம் தெரிந்திருந்தது.

2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததில் நம் செஞ்சியும் ஒன்று. மற்ற பதினொன்றும் மகாராஷ்டிரத்தில். சிவாஜி 1677-இல் பிடித்த கோட்டை என்பதால் வந்த பெருமை. நல்லது. ஆனால் இந்தப் பக்கத்துத் திண்ணையில் சிவாஜியைப் பாடி நான் கேட்டதில்லை. ஜெயித்தவர்களைப் பட்டயத்தில் எழுதுகிறார்கள், பாட்டில் தோற்றவன்தான் இருக்கிறான்.

சரி, கூத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

பழைய செஞ்சியான மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயில்தான் ஆதி பீடம் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்கிற அமெரிக்கர் இங்கே வந்து கூத்து வாத்தியார்களோடும் பாரதப் பிரசங்கியார்களோடும் உட்கார்ந்து பேசி, 1988-இல் திரௌபதி வழிபாட்டைப் பற்றிப் பெரிய புத்தகம் போட்டார். செஞ்சியிலிருந்து குருட்சேத்திரம் வரை என்று தலைப்பிலேயே நம் ஊர் இருக்கிறது. திரௌபதி அம்மன் திருவிழா எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார். இரவில் அதே கதை கூத்து.

கூத்தில் ராஜா எப்படி வருகிறார்? இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொள்கிறார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிய துரியோதனன் திரைக்குப் பின்னால் நிற்கிறான். முகவீணை அழுகிறது, மத்தளம் அதிர்கிறது. அவன் வருவதற்கு முன்பே ஒருத்தன் வந்து நிற்கிறான். பெரிய வேஷம் இல்லை, கிரீடம் இல்லை. கட்டியக்காரன். ராஜா வருகிறார் பராக் என்று சொல்ல வேண்டியவன் அவன்தான். வந்த ராஜாவை நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று கேட்பவனும் அவன்தான். ராஜா விருத்தம் பாடி, தரு பாடி, சுற்றி ஆடி நின்றதும், அதை வசனத்தில் நம்மிடம் சொல்கிற வேலையும் அவனுக்கு. அந்த வசனத்தில்தான் எல்லாம் நடக்கிறது. ராஜா மகா கம்பீரமாகப் பாடிய ஒன்றை அவன் தெரியாதவன் மாதிரி திருப்பிக் கேட்பான். "அப்படின்னா இன்னாங்க மகாராஜா?" என்பான். ராஜா விளக்குவார். விளக்க விளக்க ராஜாவின் மானம் போகும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பாட்டில் கை வைக்க மாட்டார்கள். வாத்தியார் சொல்லிக்கொடுத்த தரு, அதன் தாளம், பின்பாட்டு எல்லாம் தலைமுறை தலைமுறையாக வந்தபடி நிற்கும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தில்தான் இந்த வருஷம் வந்து உட்காரும். ரேஷன் கடை, ஏரி வேலை அட்டை, போர்வெல்லில் தண்ணீர் இறங்கிப்போனது, எல்லாம் துரியோதனன் சபையில் பேசப்படும். பாரதம் கெட்டுப்போனது என்று எந்தக் கிழவியும் எழுந்து போனதில்லை.

பல வருஷத்துக்கு முன்னால் நான் பார்த்த ஒரு கூத்தைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். அந்த வருஷம் தேர்தல் நெருக்கம். விழாக்குழுக்காரர் ஒருவர் சாயங்காலமே கொட்டகைக்கு வந்து, "எல்லாக் கட்சிக்காரங்களும் நன்கொடை குடுத்திருக்காங்க. அரசியல் ஒண்ணும் வேணாம், பாட்டு கதையோட நிறுத்திக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வாத்தியாரும் சரி என்று தலையாட்டினார். அன்றைக்குத் துகிலுரிதல். துரியோதனன் வந்து அமர்ந்து, எல்லா ராஜாவும் கேட்கிற கேள்வியைக் கேட்டான்: நாட்டில் மாதம் மும்மாரி பெய்கிறதா? அந்த வருஷம் மழை பொய்த்து, மல்லாட்டை பூவிலேயே கருகிப்போயிருந்தது. எல்லோரும் கட்டியக்காரன் முகத்தையே பார்த்தோம். அவன் வாயைத் திறந்தான், மூடினான். மெதுவாகத் திரும்பி விழாக்குழு உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்தான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, "பெய்யுதுங்க மகாராஜா. பெய்யலன்னு சொல்லக் கூடாதுன்னு உத்தரவு" என்றான். மத்தளக்காரர் அடிப்பதை விட்டுவிட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அரசியல் பேசாதே என்ற உத்தரவே அன்றைக்கு அந்தக் கூத்தின் அரசியலாகிவிட்டது.

அன்றைக்கு எனக்குப் பட்டது இதுதான். பாட்டில் அரசியல் இருக்கிறதா என்று தேடுவதில் பலன் இல்லை. எதிரே நின்று கேட்க ஒரு ஆள் இருக்கிறானா என்று பாருங்கள். கட்டியக்காரன் இருக்கிற பாட்டில் எந்த அரசியலும் வரலாம், பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. கட்டியக்காரனை வெளியே அனுப்பிவிட்டு ராஜா மட்டும் பாடிக்கொண்டிருந்தால், ராகம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் எனக்கு அது தமுக்கடிப்பதாகத்தான் கேட்கிறது.

இதை வைத்துக்கொண்டு கொஞ்சம் தெற்கே போவோம். எஸ்.எஸ். விஸ்வநாததாஸ் என்று ஒரு நாடக நடிகர். 1886-இல் சிவகாசியில் பிறந்தவர். மருத்துவர் குலம், அதாவது ஊரில் முடி வெட்டுகிறவர்கள் வீட்டுப் பிள்ளை. அதனால் அவரோடு வள்ளி வேஷம் போட மறுத்த நடிகைகள் உண்டு. குரல் மட்டும் யாராலும் மறுக்க முடியாத குரல். அவர் மேடையில் வெள்ளைக்காரனை எப்படித் திட்டினார்? பாரத மாதாவைக் கொண்டுவந்து நிறுத்தவில்லை. வள்ளி திருமணம் நாடகத்தை எடுத்துக்கொண்டார். வள்ளி தினைப்புனத்தில் பரண் மேல் நின்று பறவை ஓட்டுகிறாள் அல்லவா? தினையைத் தின்ன வருகிற பறவைகளில் வெள்ளைக் கொக்கும் உண்டு. கொக்கைத் துரத்துகிற பாட்டு. அவ்வளவுதான். மதுரை பாஸ்கரதாஸ் கட்டிய பாட்டு அது. தினை யாருடையது, தின்ன வந்த வெள்ளைக் கொக்கு எது, அது எங்கே போக வேண்டும் என்று கொட்டகையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தவனுக்கு ஒருவரும் விளக்கவில்லை. ஓரத்தில் நின்ற போலீஸ்காரருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். கொக்கு ஓட்டுவது வள்ளி கதையில் முதலிலிருந்தே இருக்கிறது. கதையே கதவைத் திறந்து வைத்திருந்தது, காலம் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. 1876-ஆம் ஆண்டு நாடகச் சட்டம் கையில் இருந்தும் வெள்ளைக்காரன் திணறியது இதனால்தான். கொக்கை ஓட்டக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் எழுதுவது? இருந்தாலும் தாஸைத் திரும்பத் திரும்பக் கைது செய்தார்கள். ஜாமீனில் வந்து மறுபடி மேடையேறினார். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில், முருகன் வேஷத்தில், மயில் வாகனத்தில் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் போயிற்று. வேஷம் கலைக்காமலே போனவர்.

அதே பாஸ்கரதாஸ்தான் 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸு'க்கும் பாட்டு எழுதினார். அந்தப் படத்தில் டி.பி. ராஜலட்சுமி காந்தியின் ராட்டினத்தைப் பற்றி ஒரு பாட்டுப் பாடுகிறார். காளிதாசன் காலத்தில் காந்தி ஏது, ராட்டினம் ஏது? ஜனங்கள் கைதட்டினார்கள், அது வேறு. நான் உங்களை ஒன்று கேட்கிறேன்: வள்ளியின் கொக்குப் பாட்டையும் இந்த ராட்டினப் பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எழுதியவர் ஒருவர், கொள்கை ஒன்று, காலமும் ஏறக்குறைய ஒன்று. ஒன்று கதைக்குள்ளிருந்து முளைத்தது, மற்றது மேலே ஒட்டப்பட்டது. ஒட்டினதைக் குறைசொல்ல எனக்கு மனசில்லை, அந்த நேரத்தில் அதற்கும் துணிச்சல் வேண்டியிருந்தது. ஆனால் இரண்டும் ஒரே தரம் என்று நான் சொல்ல மாட்டேன்.

கே.பி. சுந்தராம்பாள் காங்கிரஸ் மேடைகளில் ஊர் ஊராகப் பாடி ஓட்டுக் கேட்டார். சத்தியமூர்த்தி பேசுவதற்கு முன்னால் கூட்டத்தைச் சேர்த்தது அந்தக் குரல்தான். 1951-இல் மேலவைக்கும் போனார். டி.கே. பட்டம்மாள் பாரதி பாடல்களைக் கச்சேரியில் பாடினார், 1947 ஆகஸ்டில் சுதந்திரத்தை வானொலியில் வரவேற்றுப் பாடியதும் அவர்தான். இவர்கள் இசையைக் கெடுத்தார்கள் என்று இன்றைக்கு யாரும் சொல்வதில்லை. ஏன்? அவர்கள் பாடிய அரசியல் ஜெயித்துவிட்டது. ஜெயித்த அரசியலுக்குத் தேசபக்தி என்று பெயர். இன்னும் வழக்கு நடந்துகொண்டிருக்கிற அரசியலுக்குத்தான் அரசியல் என்று பெயர்.

பாரதி பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1928-இல் பர்மா அரசு அவர் பாட்டுப் புத்தகங்களுக்குத் தடை போட்டது. அதைத் தொடர்ந்து சென்னை மாகாணத்திலும் போலீஸ் போய்ப் பிரதிகளை அள்ளிக்கொண்டு வந்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி கிழி கிழி என்று கிழித்தார். இருபத்தோரு வருஷம் கழித்து, 1949-இல், அதே சென்னை அரசாங்கம் அந்தப் பாட்டுகளின் உரிமையை வாங்கி நாட்டுடைமை ஆக்கியது. அப்போது முதலமைச்சர் யார்? நம் திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். பறிமுதல் செய்த அரசாங்கமும் பணம் கொடுத்து வாங்கிய அரசாங்கமும் ஒரே கோட்டையில்தான் இருந்தது. பாட்டில் ஒரு எழுத்து மாறவில்லை.

மொழிகூட ஒரு காலத்தில் அரசியல்தான். இன்றைக்கு விழுப்புரம் மாவட்டம் என்கிறோம், 1993 வரை நாமெல்லாம் தென்னாற்காடு. அதே தென்னாற்காட்டில், அண்ணாமலை நகரில், 1941-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கூட்டிய மாநாட்டில்தான் கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டும் என்ற குரல் பலமாக எழுந்தது. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் வந்தது. அப்போது எதிர்ப்பக்கம் சொன்ன பதில் என்ன தெரியுமா? சங்கீதத்துக்கு மொழி கிடையாது, மொழிச் சண்டையைக் கொண்டுவந்து சங்கீதத்தைக் கெடுக்காதீர்கள் என்பதுதான். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பாட்டு எல்லாம் தெலுங்கிலேயே இருந்தால் மொழி கிடையாது, தமிழில் ஒரு பாட்டு கேட்டால் உடனே மொழி வந்துவிடுகிறது என்றால், அந்த நியாயத்தில் கொஞ்சம் கோணல் இருக்கிறது. தெலுங்குக் கீர்த்தனை எனக்கும் பிடிக்கும். தியாகராஜர் ராஜாவைப் புகழ்ந்து பாட மாட்டேன் என்று அரண்மனை அழைப்பைத் தள்ளினார் என்கிறார்கள். பாடாமல் இருப்பதாலும் ஒருவர் கட்டியக்காரன் ஆகலாம்.

கட்சிப் பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் முன்வரிசைக்காரர்கள் விட மாட்டீர்கள். நாகூர் ஹனிபா. திராவிடர் இயக்க மேடைகளில் தலைவர் வர நள்ளிரவு ஆனாலும் கூட்டம் கலையாமல் இருந்ததற்கு அவர் குரல் காரணம். மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கும். அதே குரலில் அவர் பாடிய இஸ்லாமியப் பக்திப் பாட்டை இந்துக்கள் வீட்டுக் கல்யாணத்திலும் போட்டு நான் கேட்டிருக்கிறேன். எந்தக் குரலை அரசியல் என்று ஒதுக்குவது, எதைப் பக்தி என்று வைத்துக்கொள்வது? இப்போதைய தேர்தல் பாட்டுகளைக் கேட்டால்தான் எனக்குத் தலைவலி. ஆட்டோவில் கட்டிய ஸ்பீக்கரில், எல்லாக் கட்சிக்கும் ஏறக்குறைய ஒரே மெட்டில், பெயரை மட்டும் மாற்றிப் போட்டுக்கொண்டு போகிறார்கள். கட்டியக்காரன் இல்லாத பாட்டு என்றேனே, அது இதுதான். ஓட்டு எண்ணி முடித்த மறுநாள் அந்தப் பாட்டைப் பாடியவருக்கே நினைவிருக்காது.

நான் இப்படிச் சொல்வதைக் கேட்டு ஒரு முறை ஒரு இளைஞர் மடக்கினார். "அப்படியானால் கோவன் பாட்டு? அதில் கதை எங்கே, கொக்கு எங்கே? நேராகத்தானே திட்டுகிறார்?" என்றார். நல்ல கேள்வி. மக்கள் கலை இலக்கியக் கழகத்துக் கோவனை 2015 அக்டோபர் 30-ஆம் தேதி திருச்சியில் கைது செய்தார்கள். அரசின் சாராயக் கடைகளை மூடச் சொல்லிப் பாடியதற்குத் தேசத்துரோக வழக்கு, 124அ. வெள்ளைக்காரன் திலகர் மேல் போட்ட அதே பிரிவு. கையில் ஒரு பறையும் கூடப் பாட நாலு பேரும்தான் அவருடைய படை. மறுநாளிலிருந்து அந்தப் பாட்டு கேட்காத செல்போன் இல்லை. இலவச விளம்பரம் செய்துகொடுத்தது அரசு.

அந்த இளைஞருக்கு அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். கோவன் பாட்டில் கட்டியக்காரன் இல்லையே என்று தேடினால் கிடைக்க மாட்டான். கோவனே கட்டியக்காரன். கூத்து மேடையிலிருந்து இறங்கி, திரையைத் தாண்டி, நேராகக் கோட்டை வாசலில் போய் "அப்படின்னா இன்னாங்க மகாராஜா?" என்று கேட்டுவிட்டான். கூத்தில் என்றால் துரியோதனன் சிரித்துக்கொண்டு அடுத்த தருவை எடுப்பான். வெளியே இருக்கிற ராஜாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. எந்தக் கட்சி ஆட்சி என்று பார்க்காதீர்கள், இது எல்லோருக்கும் பொது. எம்.ஆர். ராதாவை அடக்க 1954-இல் காங்கிரஸ் ஆட்சி கொண்டுவந்த நாடகச் சட்டத்தைப் பின்னால் வந்த எந்தக் கழக ஆட்சியும் எடுத்துப் போடவில்லை. நாடகக்காரரும் பத்திரிகையாளருமான ஞாநி நீதிமன்றம் போய், 2013-இல்தான் அது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஐம்பத்தொன்பது வருஷம் எல்லா ராஜாக்களும் அதைப் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

கர்நாடக சங்கீதப் பாடகர் டி.எம். கிருஷ்ணா விஷயம் இன்னும் சிக்கல். பெரியாரைப் பற்றிப் பெருமாள்முருகன் எழுதியதை ராகத்தில் பாடினார். 2024 மார்ச்சில் மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி அறிவித்ததும் ரஞ்சனி–காயத்ரி உள்ளிட்ட சிலர் அந்த ஆண்டு அங்கே பாட மாட்டோம் என்று விலகினார்கள். விருது தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. இரண்டு பக்கமும் என் நண்பர்கள் இருக்கிறார்கள், இரண்டு பக்கமும் என்னைத் திட்டியிருக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது, கச்சேரி மேடையின் அமைப்பே அப்படி. அங்கே நடுவில் ஒருவர் உட்கார்ந்து பாடுகிறார். பக்கவாத்தியம் அவரைப் பின்தொடரும், எதிர்க்கேள்வி கேட்காது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் நம் கூத்தில் இருக்கிற சந்து அங்கே இல்லை. அதனால் அந்த மேடையில் புதிதாக ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் பாட்டுக்குள்ளேயேதான் சொல்ல வேண்டியிருக்கிறது, கேட்கிறவருக்குக் கோயில் கர்ப்பகிரகத்துக்குள் மைக் வைத்த மாதிரி இருக்கிறது. விலகியவர்களின் மனவருத்தம் எனக்குப் புரிகிறது. விலகியதும் ஒரு அரசியல் செய்திதான் என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டால் நன்றாக இருக்கும்.

இவ்வளவு நேரம் கட்டியக்காரனைத் தூக்கி வைத்துப் பேசினேன். அவனிடம் எனக்கு ஒரு குறை உண்டு. சொல்லிவிடுகிறேன்.

அவன் துரியோதனனைக் கேலி செய்தான். கலெக்டரைக் கேலி செய்தான், மந்திரியைக் கேலி செய்தான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த விழாக்குழுவைக்கூட ஒரு பார்வை பார்த்தான். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு வெளியே, வெளிச்சம் விழாத இடத்தில், பறையைக் காய்ச்சி அடித்துவிட்டு நின்றுகொண்டே கூத்துப் பார்த்தவர்கள் இருந்தார்கள். நான் சின்னப் பையனாக முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தேன். என் வயசுப் பையன்கள் அங்கே நின்றார்கள். அவர்கள் ஏன் அங்கே நிற்கிறார்கள் என்று எந்தக் கட்டியக்காரனும் எந்த ராஜாவிடமும் கேட்டு நான் கேட்டதில்லை. எட்டி இருக்கிற ராஜாவைக் கேலி செய்ய அவனுக்கு வாய் இருந்தது. கிட்டே இருக்கிற ஊரைக் கேலி செய்ய இல்லை.

2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது நான் போயிருந்தேன். சாதியற்ற தமிழர் என்று அயோத்திதாசர் அந்தக் காலத்தில் சொன்னதிலிருந்து எடுத்த பெயர். சாவு வீட்டில் விடிய விடியப் பாடுகிற கானாவும், பறையும், கிதாரும், ராப்பும் ஒன்றாக இறங்கின. காது கிழிந்தது என்பதை மறைக்க மாட்டேன். என் பக்கத்தில் இருந்த நண்பர், "இதில் சங்கீதம் எங்கே?" என்று கேட்டார். எனக்கு இருட்டில் நின்று கூத்துப் பார்த்த அந்தப் பையன்கள் நினைவு வந்துவிட்டது. ஒருவேளை அவர்கள் இவ்வளவு நாள் காத்திருந்துவிட்டு, கட்டியக்காரன் நமக்காகக் கேட்கப் போவதில்லை என்று தெரிந்து, தாங்களே மைக்கைப் பிடித்திருக்கலாம். அப்படிப் பிடிக்கிறபோது முதல் பாட்டிலேயே நயம் பார்க்க வேண்டும் என்று சொல்ல நான் யார்? கொக்கைக் காட்டிச் சொல்கிற சாமர்த்தியத்துக்கு, தினைப்புனத்தில் நிற்க முதலில் இடம் வேண்டும். தாஸுக்கு அதுவே சுலபமாகக் கிடைக்கவில்லை.

போன மாதம் ஒரு கூத்து வாத்தியாரைப் பார்க்கப் போயிருந்தேன். எழுபது வயசு ஆகிறது. இளவயசில் கட்டியக்காரன் வேஷத்தில் பேர் போனவர். வீட்டுத் திண்ணையில் கல்யாண முருங்கைக் கட்டையில் செய்த பழைய புஜக்கட்டை ஒன்றுக்குக் கண்ணாடித் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தார். இந்தச் சொற்பொழிவைப் பற்றிச் சொன்னேன். பிறகு இதையும் கேட்டேன்: "ராஜாவ இவ்ளோ கேள்வி கேட்டீங்களே வாத்தியாரே, ஊர ஒரு கேள்வி கேக்கலாமில்ல? ஏன் சில பேரு தள்ளி நிக்கறாங்கன்னு?"

அவர் கண்ணாடித் துண்டைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பசை காய வேண்டும்.

"கேக்கலாங்க" என்றார். "வண்டிய ரோட்டப் பாத்துத் திருப்பி நிறுத்தி வெச்சிட்டுக் கேக்கணும்."